ஐந்தாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப்பும் 'திறமை' என்கிற சொல்லும்

புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்த கையோடு எங்கட பக்கத்துப் பள்ளிக்கூட வாசல்களில் பதாகை கட்டுவார்கள். பாஸ்போர்ட் சைஸ் படத்தைப் பெருப்பித்து, பெயருக்குக் கீழே புள்ளி போட்டு, மேலே 'பாடசாலைக்குப் பெருமை சேர்த்த செல்வங்கள்' என்று எழுதியிருக்கும். நான் படித்தது வன்னியில் ஒரு கிராமப் பள்ளிக்கூடம். எங்கட வகுப்பில் 23 பேர் பரீட்சை எழுதினோம். பதாகையில் இரண்டு பேர். ஒருத்தி ஆசிரியரின் மகள், மற்றவன் சந்திக் கடைக்காரரின் மகன். மிச்ச 21 பேரில் நானும் ஒருத்தி. அந்தப் பதாகை வெயிலில் வெளிறி, மழையில் நனைந்து, அடுத்த வருசப் பதாகை வரும்வரைக்கும் அங்கேயே தொங்கியது. ஒவ்வொரு நாள் காலையும் அதற்குக் கீழாலதான் உள்ளே போவோம்.

இதை இப்ப எழுத வந்ததற்குக் காரணம் பதாகை இல்லை. போன தவணை விடுதியில் ஒரு இரவு கதை போய்க்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை சொன்னாள்: "மாவட்டக் கோட்டா இல்லாட்டி உங்கட பக்கத்துப் பெடியள் மெடிசினுக்கும் எஞ்சினியரிங்குக்கும் வந்திருப்பினமோ? திறமைக்கு மட்டும் இடம் குடுத்துப் பாக்கட்டும், தெரியும்." அவள் கெட்ட பிள்ளை இல்லை. நோட்ஸ் கேட்டால் தருவாள், காய்ச்சல் எண்டால் கஞ்சி வைத்துத் தருவாள். நான் கலைப்பீடம், அவள் சொன்ன கோட்டாவுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தத் 'திறமை' என்ற சொல் மண்டைக்குள்ளே நின்றுவிட்டது. எங்கட கல்வி வரலாற்றில் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, யாருக்குக் கதவைத் திறந்தது, யாரை வெளியில் விட்டது என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் தெரிந்தது என்னவென்றால், தொடக்கத்தில் இந்தச் சொல்லே இல்லை. காசுதான் இருந்தது. கோல்புறூக்கின் சிபாரிசுகள் 1830களின் தொடக்கத்தில் வந்தபோது ஆங்கிலேய நிர்வாகத்துக்கு ஆங்கிலம் தெரிந்த உள்ளூர் ஆட்கள் தேவைப்பட்டார்கள். பிரித்தானியாவிலிருந்து ஆள் கொண்டுவருவது செலவு, இங்கேயே உருவாக்கினால் மலிவு. 1836இல் அரசாங்கம் பொறுப்பெடுத்த கொழும்பு அக்கடமி (1881இலிருந்து றோயல் கல்லூரி) அந்தத் தேவைக்காக வந்தது. அதற்குப் பிறகு நூறு வருசத்துக்கு மேல் இலங்கையில் இரண்டு விதமான பள்ளிக்கூடங்கள் இருந்தன. ஆங்கிலப் பாடசாலையில் கட்டணம் கட்டவேணும். தமிழ், சிங்களப் பாடசாலைகளில் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லை என்றதும் நல்ல விசயம் மாதிரித் தெரியும். ஆனால் இலவசப் பாதை கிட்டத்தில் முடிந்துவிடும். சுயபாஷைப் பாடசாலையில் படித்தவர் மிஞ்சிப்போனால் சுயபாஷை ஆசிரியர் ஆகலாம். கிளார்க், புறொக்டர், டொக்டர் எல்லாம் மற்றப் பக்கம். ஒரு பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரன் என்பதல்ல, தகப்பன் மாதாமாதம் கட்டணம் கட்டுவாரா என்பதுதான் அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் என்று தீர்மானித்தது.

யாழ்ப்பாணத்தில் கதை கொஞ்சம் வேறு. அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். மிசனின் விடுதிப் பாடசாலைகளில் தொடக்க காலத்தில் சாப்பாடும் உடுப்பும் கொடுத்துத்தான் பிள்ளைகளைச் சேர்க்கவேண்டி இருந்தது. ஆங்கிலம் படித்தால் அரசாங்க உத்தியோகம் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு ஆட்கள் தேடி வந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள்தான். 1855இல் செமினரியை மூடினார்கள். பெடியள் வேதத்துக்காக வரவில்லை, வேலைக்காக வருகிறார்கள் என்பது மிசனின் மனக்குறைகளில் ஒன்று. (இண்டைக்கும் எங்களைப் பார்த்து அதே குறை சொல்வார்கள், 'அறிவுக்காகப் படிக்கிறியளில்லை, வேலைக்காகப் படிக்கிறியள்' எண்டு. வேலை இல்லாத வீட்டிலிருந்து வந்த பிள்ளை வேற எதுக்காகப் படிக்கிறது?) ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிறகு சைவ பரிபாலன சபை, இந்துக் கல்லூரி என்று சைவர்களும் மிசன்களோடு போட்டி போட்டுப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். அந்தப் போட்டியால் யாழ்ப்பாணக் குடாநாட்டில், அந்தச் சின்ன நிலத்தில், இலங்கையின் வேறெந்த மாவட்டத்திலும் இல்லாத நெருக்கமாக நல்ல பள்ளிக்கூடங்கள் முளைத்தன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னுக்குத் தேவைப்படும்.

ஆனால் அந்தப் பள்ளிக்கூடங்களுக்குள் எல்லாரும் போகவில்லை. போனவர்களும் ஒரே மாதிரி இருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைக் கனகாலம் சேர்க்கவே இல்லை. சேர்த்த இடங்களில் நிலத்தில் இருத்தினார்கள், அல்லது வகுப்புக்கு வெளியே இருந்து கேட்கச் சொன்னார்கள். 1929, 1930 அளவில் அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கொடுக்கவேணும் என்று உத்தரவு வந்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அதை ஆதரித்தது. ஊரில் நடந்தது என்ன? மனுப் போட்டார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் மறித்தார்கள், பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்தார்கள். ஒரு பிள்ளை வாங்கில் இருக்கக்கூடாது என்பதற்காக ஓலைக் கொட்டிலை எரித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் நாங்களும் இப்ப ஒரே தமிழ்ச் சமூகத்தின் கல்விப் பெருமையைப் பேசுகிறோம். 1950களின் பிற்பாதியில் சிறுபான்மைத் தமிழர் மகாசபை போன்ற அமைப்புகள் போராடித்தான் அந்தக் கிராமங்களுக்கென்று அரச பாடசாலைகள் வந்தன. ஒருவரின் திறமையைச் சோதிப்பதற்கு முதலில் அவரை வாங்கில் இருக்க விடவேணும். எங்கட ஊர்களில் அதற்கே அவ்வளவு காலம் எடுத்தது.

'கெட்டிக்கார ஏழைப் பிள்ளை' என்ற உருவம் எங்கட கல்விக் கொள்கைக்குள் வந்தது கன்னங்கராவோடு. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அம்பலாங்கொடைப் பக்கத்து ரந்தொம்பையில் 1884இல் பிறந்தவர். சின்ன வயதில் படித்த வெஸ்லியன் பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்கு காலி றிச்மண்ட் கல்லூரி அதிபர் டரல் வந்திருந்தார். இந்தப் பெடியன் பரிசுக்கு மேல் பரிசாக வாங்குவதைப் பார்த்து, இதெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு மாட்டுவண்டி வேணும் என்று பகிடியாகச் சொன்னார் என்பார்கள். பிறகு புலமைப்பரிசிலில் றிச்மண்டுக்குப் போனார், சட்டத்தரணியானார், சர்வசன வாக்குரிமையோடு வந்த அரசாங்க சபையில் 1931இல் கல்வி அமைச்சரானார். 1947வரை பதினாறு வருசம். அவரே ஒரு ஸ்கொலர்ஷிப் பெடியன். அவர் கட்டிய முறையிலும் அந்த அனுபவம் தெரிகிறது.

அவருடைய தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம்வரை கல்வி இலவசம் என்பதும் தாய்மொழிக் கல்வியும்தான் நாங்கள் அதில் படித்துப் பாடமாக்கியவை. ஓ.எல் வரலாற்றுப் புத்தகத்தில் அவ்வளவுதான் இருக்கும். ஆனால் அதே அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. ஆரம்பக் கல்வி முடிகிற இடத்தில் பிள்ளைகளைச் சோதித்து மூன்றாகப் பிரிக்கவேணும்: புத்தகப் படிப்புக்கு ஏற்றவர்கள் ஒரு வகைப் பாடசாலைக்கு, தொழில்நுட்பத்துக்கு ஏற்றவர்கள் இன்னொன்றுக்கு, மற்றப் பிள்ளைகள் செய்முறைப் பாடசாலைக்கு. அதே 1943இல் இங்கிலாந்தில் வந்த நோர்வூட் அறிக்கையும் இதே மாதிரி மூன்று வகை மனம், மூன்று வகைப் பள்ளிக்கூடம் என்றுதான் சொன்னது. அந்தக் காலத்தில் நம்பிக்கை அப்படி: புத்திசாலித்தனம் பிறவியில் வருவது, பத்துப் பதினொரு வயதில் அளந்துவிடலாம், அளந்த பிறகு மாறாது.

இலவசக் கல்வி 1945 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்தது. மூன்றாகப் பிரிக்கிற திட்டம் அப்படியே நடைமுறைக்கு வரவில்லை. எந்தத் தாய் தன் பிள்ளை 'மற்றப் பிள்ளை' என்று ஒத்துக்கொள்வாள்? ஆனால் ஐந்தாம் ஆண்டில் சோதிப்பது என்ற யோசனை புலமைப்பரிசில் என்ற வடிவத்தில் தங்கிவிட்டது. கன்னங்கரா நகரங்களுக்கு வெளியே ஐம்பதுக்கு மேற்பட்ட மத்திய கல்லூரிகளை உருவாக்கினார். ஆய்வுகூடம், நூலகம், விளையாட்டு மைதானம், விடுதி எல்லாம் கிராமத்துக்குக் கிட்டவாக. சுற்றியிருக்கிற கிராமங்களில் ஐந்தாம் ஆண்டில் கெட்டியாக எழுதுகிற ஏழைப் பிள்ளைகளைத் தெரிந்து, விடுதியில் சாப்பாடு போட்டுப் படிப்பிப்பதுதான் ஸ்கொலர்ஷிப். அந்தக் காலத்துக்கு அது சின்ன விசயமே இல்லை. வயலில் மாடு மேய்க்கப் போயிருக்கவேண்டிய கனபேர் அதாலதான் டொக்டர், எஞ்சினியர், பேராசிரியர் ஆனார்கள். கட்டணப் பாடசாலைக்காரர்களும் மதச் சபைகளும் வசதியானவர்களும் எதிர்க்க எதிர்க்க அந்த மனிதன் இதைச் செய்தார். 1944 விவாதத்தில் அவர் பேசியதன் சாரம், பணக்காரரின் சொத்தாக இருந்த கல்வியை ஏழைகளின் முதுசமாக மாற்றிவிட்டுப் போகிறோம் என்பதுதான். 1947 தேர்தலில் மத்துகமத் தொகுதியில் தோற்றும் போனார். அது வேற கதை.

கன்னங்கராவைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அவர் இல்லாவிட்டால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன், அம்மா ஏ.எல் வரை படித்திருக்கவும் மாட்டா. ஆனால் அவர் விட்டுப்போன ஒரு முடிச்சு உண்டு. எல்லாப் பிள்ளைக்கும் கல்வி என்பது ஒரு யோசனை. ஏழைகளுக்குள்ளிருந்து கெட்டிக்காரப் பிள்ளையைத் தேடி எடுத்து மேலே ஏற்றுவது இன்னொரு யோசனை. இரண்டையும் அவர் ஒன்றாகக் கட்டினார். முதலாவது செலவு கூடியது, ஒவ்வொரு கிராமத்துக்கும் நல்ல பள்ளிக்கூடம் வேணும். இரண்டாவதற்கு ஒரு பரீட்சை போதும். அவருக்குப் பிறகு வந்த அரசாங்கங்கள் எதைப் பிடித்துக்கொண்டன என்று சொல்லத் தேவையில்லை.

1960, 1961 சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. பெரும்பாலான கட்டணப் பாடசாலைகளும் இலவசமாகின. கட்டணம் போனது, ஆனால் கட்டடமும் ஆய்வுகூடமும் பழைய மாணவர் சங்கமும் பெயரும் இருந்த இடத்திலேயே இருந்தன. இண்டைக்கு இலங்கையில் பத்தாயிரத்துச் சொச்சம் அரச பாடசாலைகள். அவற்றை வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள்: 1ஏபி என்றால் ஏ.எல்லில் விஞ்ஞானம், கணிதம் உட்பட எல்லாப் பிரிவும் உண்டு. 1சி என்றால் கலையும் வர்த்தகமும் மட்டும். வகை இரண்டு, ஓ.எல்லோடு நின்றுவிடும். வகை மூன்று, அதற்கும் கீழே. 1ஏபி பாடசாலைகள் மொத்தத்தில் பத்தில் ஒன்று அளவுதான். அதாவது, ஒரு பிள்ளை பிறந்த கிராமத்தில் என்ன வகைப் பாடசாலை இருக்கிறது என்பதே அந்தப் பிள்ளை டொக்டராக 'விரும்பலாமா' என்று பாதி முடிவு செய்துவிடுகிறது. எங்கட பள்ளிக்கூடம் 1சி. எனக்குக் கணக்கு வருமா வராதா என்று யாரும் சோதித்துப் பார்த்து நான் கலைப்பிரிவுக்கு வரவில்லை. அங்கே இருந்தது அது ஒன்றுதான். (கலை படித்ததில் எனக்குக் கவலை இல்லை, சரியா. தெரிவு இருக்கவில்லை என்பதுதான் கதை.)

இப்படி இருக்கும்போது ஐந்தாம் ஆண்டுப் பரீட்சைக்கு என்ன நடக்கும்? ஏழைப் பிள்ளைக்காக வைத்த கதவு நல்ல பாடசாலைக்குப் போகிற ஒரே குறுக்கு வழியாக மாறும். மாறியது. ஒவ்வொரு வருசமும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிறார்கள். உதவிப்பணம் கிடைப்பது சுமார் 20,000 பேருக்கு. அதுவும் வருமானம் குறைந்த குடும்பங்களுக்குத்தான், கனகாலம் மாதம் சில நூறு ரூபாய். அந்தப் பணத்துக்காக யாரும் மூன்றாம் ஆண்டிலிருந்து ரியூசனுக்கு ஓடவில்லை. பிரபல பாடசாலையின் வெட்டுப்புள்ளிக்காக ஓடுகிறார்கள். உதவிப்பணத்துக்கு வருமான எல்லை இருக்கிறது, பிரபல பாடசாலை இடத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. கடையில் இருக்கிற பாஸ் பேப்பர், மொடல் பேப்பர் எல்லாம் வாங்கி, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சேர் பிடித்து, வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிற அம்மாவும் அமைந்துவிட்டால் 180க்கு மேல் எடுப்பது அதிசயமில்லை. எல்லாம் செய்தும் எடுக்காத பிள்ளைக்கு வீட்டில் என்ன நடக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

முதலாவது வினாப்பத்திரம் நுண்ணறிவு வினாக்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத, படித்து வராத, 'இயல்பான' புத்தியை அளப்பது என்று சொல்வார்கள். எங்கட சேர் ஒருநாள் மொடல் பேப்பர் செய்விக்கும்போது மின்தூக்கி பற்றிய ஒரு கேள்வி வந்தது. எத்தனையாம் மாடியில் ஏறி எத்தனையில் இறங்கினார் என்கிற மாதிரி. எங்களுக்குக் கூட்டல் கழித்தல் தெரியும். மின்தூக்கி என்றால் என்ன என்று தெரியாது. மீள்குடியேறிய கிராமம், மாடி வீடே இல்லை. சேர் கரும்பலகையில் ஒரு பெட்டி கீறி, கயிறு கீறி, கிணற்று வாளி மாதிரி என்று விளங்கப்படுத்தினார். கேள்வி முடிய ஒரு பாடவேளை போய்விட்டது. கொழும்பில் ஒரு பிள்ளைக்கு அது அரை நிமிசக் கேள்வி. பிறகு கம்பஸில் சமூகவியல் படிக்கும்போது பியர் பூர்தியே என்கிற பிரெஞ்சுக்காரர் பெயர் வந்தது. பண்பாட்டு மூலதனம் என்று அவர் சொன்னதைப் பாதி வகுப்பு பாடமாக்கியது. எனக்கு சேர் கீறிய கிணற்று வாளிதான் ஞாபகம் வந்தது. வசதியான வீட்டில் பிள்ளை சும்மா இருந்து பழகியதெல்லாம் பரீட்சை மண்டபத்தில் பிறவித் திறமையாகத் தெரியும். பள்ளிக்கூடம் அதைப் படிப்பிக்கவில்லை, ஆனால் அதற்குப் புள்ளி போடுகிறது.

இதுவரை நான் எழுதியதெல்லாம் இலவசக் கல்வி கிடைத்தவர்களின் கதை. 1945இல் அதுவே கிடைக்காத ஒரு பெரிய கூட்டம் இருந்தது. மலையகம்.

1920 கல்விச் சட்டப்படி தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலிருந்து பத்து வயதுவரை தாய்மொழியில் படிப்பிக்க ஏற்பாடு செய்வது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. பத்து வயதுக்குப் பிறகு அந்தப் பிள்ளை என்ன படிக்கும் என்று சட்டம் கேட்கவே இல்லை. பள்ளிக்கூடம் என்பது பல இடங்களில் ஒரு மண்டபம், ஒரு ஆசிரியர், ஐந்து வகுப்பும் ஒன்றாக. அந்த ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பதும் தோட்டம்தான். கொழுந்து பறிக்க ஆள் தேவைப்படுகிற ஒரு கம்பனி, அந்த ஆட்களின் பிள்ளைகளை உத்தியோகத்துக்குப் படிப்பித்து அனுப்பும் என்று யார் எதிர்பார்த்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்டத்தின் கையிலேயே இருந்தன. 1948 குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. வாக்கு இல்லாதவர்களுக்கு எந்த எம்.பி. பள்ளிக்கூடம் கேட்பார்? 1970களில் தோட்டங்களை அரசுடைமையாக்கிய பிறகு, 1977 தொடக்கம் படிப்படியாகத்தான் அந்தப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் உதவியோடு கட்டடங்கள் வந்தன, மலையகத்து இளைஞர்களையே ஆசிரியர்களாக எடுத்தார்கள். கொட்டகலைப் பக்கம் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்தது.

கணக்குப் பார்த்தால் 1945க்கும் 1977க்கும் இடையில் 32 வருசம். ஒரு தலைமுறைக்கு மேல். நாட்டின் மற்றப் பக்கங்களில் ஐந்தாம் ஆண்டு என்பது மேலே போகிற படி. தோட்டத்தில் அது கடைசிப் படி, அதற்கு மேல் பள்ளிக்கூடமே இல்லை. 'தோட்டத்துப் பிள்ளையளுக்குப் படிப்பில அக்கறை இல்லை' என்று நாங்கள் வடக்கிலிருந்து சொல்லும்போது இந்த 32 வருசத்தை எந்தக் கணக்கில் போடுகிறோம்? இந்தப் பேச்சு எங்கட ஊரிலும் உண்டு. 1970களில் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பிலும் இருந்தார்கள். என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள் அவர்களில் ஒருத்தி. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி விடுதியில் அந்தப் பிள்ளை சொன்ன விசயத்துக்கு வருவோம். தரப்படுத்தல். இதைப் பற்றித் தமிழில் எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது, ஏனென்றால் எங்கட போராட்டத்தின் தொடக்கத்தில் நிற்கிற காயம் அது. 1971 பல்கலைக்கழக அனுமதியில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளி தேவைப்பட்டது, சிங்களமொழி மூல மாணவருக்கு 227 போதும். எழுதியது ஒரே பரீட்சை. அதை வேறு எந்தப் பெயரால் அழைத்தாலும் இனப்பாகுபாடுதான். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. தமிழ் மாணவர் பேரவையும் அதற்குப் பிறகு வந்த எல்லாமும் எப்படிப் பிறந்தன என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் 1974இல் அதோடு மாவட்ட ஒதுக்கீடு என்ற இன்னொன்று வந்து சேர்ந்தது. அதால் கூட இடம் இழந்தவை யாழ்ப்பாணமும் கொழும்பும். முன்னுக்கு ஞாபகம் வைக்கச் சொன்னேனே, நல்ல பள்ளிக்கூடங்கள் நெருக்கமாக முளைத்த நிலம் என்று. மொழிவாரித் தரப்படுத்தலை எதிர்த்தபோது நாங்கள் தூக்கிய கொடி 'திறமை'. திறமைக்கு இடம் கொடு, இனத்துக்குக் கொடுக்காதே. நியாயமான கொடிதான். ஆனால் அந்தக் கொடியை மன்னாரிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ பார்த்தால் எப்படித் தெரிந்திருக்கும்? அங்கேயும் தமிழ்ப் பிள்ளைகள் இருந்தார்கள், விஞ்ஞான ஆய்வுகூடம் இருக்கவில்லை. தமிழ் மாணவரின் திறமை என்று நாங்கள் சொன்னதில் பெரும்பகுதி யாழ்ப்பாணத்தின் சில பள்ளிக்கூடங்களின் திறமை. அந்தப் பள்ளிக்கூடங்களுக்குள்ளும் யார் வாங்கில் இருந்தார்கள், யார் வெளியில் நின்றார்கள் என்பதை மேலே எழுதிவிட்டேன். மாவட்ட அடிப்படையைக் கொண்டுவந்த அரசாங்கத்தின் மனதில் எங்கட வன்னிப் பிள்ளைகள் இருக்கவே இல்லை, கிராமப்புறச் சிங்கள வாக்குகள்தான் இருந்தன. அதுவும் உண்மை. அப்படி இருந்தும் அந்தக் கதவால் வன்னியிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் முதல் தலைமுறை டொக்டர்மாரும் எஞ்சினியர்மாரும் வந்தார்கள். ஒரே கொள்கை ஒரு தமிழ்ப் பிள்ளைக்குக் கதவை அடைத்து இன்னொரு தமிழ்ப் பிள்ளைக்குத் திறந்தது. இதை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டுதான் யோசிக்கவேணும். ஒன்றைக் கீழே போட்டால் இலேசாக இருக்கும், ஆனால் பொய்யாக இருக்கும்.

இப்போது பெரும்பாலான பீடங்களுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படை, 55 சதவீதம் மாவட்ட அடிப்படை, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. 2001இலிருந்து இசட் புள்ளி. மாவட்ட அடிப்படையிலும் ஓட்டை இருக்கிறது. ஒரு மாவட்டத்துக்குள்ளேயே நகரத்து 1ஏபி பாடசாலைக்கும் காட்டுப்பக்கத்து வகை மூன்று பாடசாலைக்கும் இடையில் உள்ள தூரத்தை அது பார்ப்பதில்லை. மாவட்டத்துக்குரிய இடத்தை அந்த மாவட்டத்தின் வசதியான வீட்டுப் பிள்ளை எடுக்கும், பக்கத்து வாங்குப் பிள்ளை எடுக்காது. அந்தப் பிள்ளை ஏ.எல் வரை வந்திருந்தால்தானே கோட்டா.

விடுதிப் பிள்ளைக்கு இதையெல்லாம் நான் சொல்லவில்லை. அந்த இரவு சும்மா "அப்படியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தேன். சரியான பதில் எப்பவும் இரண்டு கிழமைக்குப் பிறகுதான் வரும்.

என் வாங்குத் தோழியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அவளுடைய அம்மா சந்தையில் மரக்கறி விற்றவா. சனி ஞாயிறு இவள் பக்கத்தில் இருந்து காசு வாங்குவாள். முக்கால் கிலோ என்ன விலை, மிச்சம் எவ்வளவு என்று பேப்பர் இல்லாமல் சொல்லுவாள். எங்கட வகுப்பில் மனக்கணக்கில் அவளை மிஞ்ச ஆள் இல்லை, பதாகையில் வந்த இரண்டு பேர் உட்பட. மாலை வகுப்புக்கு அவளால் வர ஏலாது, சந்தையிலிருந்து அம்மா வரும்வரை தம்பியைப் பார்க்கவேணும். ஓ.எல்லோடு நின்றாள். இப்ப ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. அவளுடைய லைனுக்கு மணித்தியாலத்துக்கு எத்தனை துண்டு முடியவேணும், எத்தனை குறைகிறது என்று கணக்குப் பார்த்துச் சொல்வது அவள்தானாம்.

இதை எழுதத் தொடங்கியபோது அவளுக்குக் கோல் எடுத்தேன். ஸ்கொலர்ஷிப்பைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் சிரித்தாள்.

"எனக்கு எத்தின எண்டு உனக்கு ஞாபகம் இருக்கோ?"

எனக்கு ஞாபகம் இல்லை. என்னுடையதே சரியாக ஞாபகம் இல்லை.

"நூற்றி முப்பத்தொண்டு," என்றாள். "முதலாம் பேப்பர் எழுபத்திரண்டு, ரெண்டாம் பேப்பர் அம்பத்தொம்பது."

பிறகு ஊர்க்கதைகள் கொஞ்சம். வைக்கப்போகும்போது கேட்டாள், அக்காவின் மகள் வாற வருசம் நாலாம் ஆண்டாம், இப்பவே ரியூசனுக்கு விடாட்டிப் பிந்திவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்களாம், நல்ல சேர் ஆரும் தெரியுமா என்று. எனக்குத் தெரிந்த ஒருவரின் நம்பரை அண்டிரவே வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.